நொய்யலுக்கு ஒரு ராத்திரி வாடகை

நீர் மாசுக்கு அபராதம் விதிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர் ஓடைப் பள்ளத்தில் சாயத்தண்ணீர் விட்ட பட்டறைக்கு 60,000 ரூபாய் அபராதம் போட்டீர்கள். அவர் கட்டினார். கோப்பை மூடிவிட்டீர்கள். உத்தரவின் நகல் என் மேசையில் இருக்கிறது: ஆறு நாளுக்கு, நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம். பெருக்கலில் பிழை இல்லை. முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் நான். விடைத்தாளாக வந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் கேள்வியே தப்பு. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூர் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்கு மேற்கே எனக்கு நாலரை ஏக்கர் தோட்டம். தென்னை, சோளத்தட்டு, ஓரத்தில் மாடு மேயக் கொஞ்சம் கொறங்காடு. அப்பாரு காலத்துக் கிணறு, எழுபது அடி. தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம் ஓடி நொய்யல் ஆற்றில் சேர்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மழை பிடித்தது. பதினொன்றரை இருக்கும், சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை, தொண்டையில் கரகரவென்று பிடித்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் பள்ளத்தில் முழங்கால் உயரத்துக்கு நுரை. நுரையை விலக்கினால் தண்ணீர் கத்தரிப்பூ நிறம். மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் விட்டுப்போன குளுக்கோஸ் பாட்டில் ஒன்று தோட்டத்துச் சாளையில் கிடந்தது. அதில் மொண்டு வைத்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா மாதிரி இருக்குமே டி.டி.எஸ். மீட்டர், எங்கள் பக்கம் விவசாயிகள் பல பேர் சட்டைப்பையில் இருக்கும், அதை விட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 3,460 மில்லிகிராம் காட்டியது. சாதாரண நாளில் அந்தப் பள்ளம் 1,100 தாண்டாது. வெளியேற்றும் நீருக்கு நீங்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 2,100.

11.40க்கு உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். காலையில் ஆள் வருவார்கள் என்றார்கள். ஆள் வந்தது நாலாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் மழை பள்ளத்தை மூன்று முறை கழுவிவிட்டது. அவர் எடுத்த மாதிரியில் 1,240. ‘வரம்புக்குள் உள்ளது’ என்று அறிக்கை. என் பாட்டிலை நீட்டினேன். “அதை நாங்க எடுத்த மாதிரியாக் காட்ட முடியாதுங்கய்யா” என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. மாதிரி எடுப்பதற்கு முறை இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. மழைக்குத்தான் அந்த முறையெல்லாம் தெரியாது. பாட்டில் இன்னும் சாளைத் திண்ணையில் இருக்கிறது. அடியில் கட்டைவிரல் கனத்துக்கு வண்டல் இறங்கியிருக்கிறது. அந்த வாரம் எங்கள் காங்கயம் பசு தொட்டியில் மூக்கை வைத்து, மூச்சு விட்டு, திரும்பிக்கொண்டது. அதற்கு மீட்டர் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து நாட்குறிப்பில் எழுதிவருகிறேன். இரண்டு மழைக்காலத்தில், ஐப்பசியிலிருந்து தை வரை, நுரை வந்த ராத்திரிகள் 47. இந்த 47இல் பிடிபட்டது ஒன்றே ஒன்று. அதுவும் உங்கள் ஆட்கள் பிடித்ததல்ல. ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டே பள்ளத்தில் மேலே நடந்து, கல்லுக்கடியில் புதைத்திருந்த குழாயைக் கண்டுபிடித்து, ஆள் வரும்வரை அங்கேயே குந்தியிருந்தார்கள். குழாய் போய்ச் சேர்ந்த பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். காகிதமெல்லாம் சுத்தம். அனுமதித்த அளவுக்கு மேலே ஓட்டிய வேலையின் தண்ணீரை ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் தேக்கி வைத்து, மழை பிடித்ததும் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டறைக்காரர் என்னிடம் பிளஸ் டூவில் படித்தவர். அபராதம் கட்டிய வாரம் டீக்கடையில் பார்த்தேன். எழுந்து நின்று, “சார், உக்காருங்க” என்றார். ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்பினால் லிட்டருக்கு இருபது பைசாவுக்கு மேல் ஆகிறதாம். ஒரு தொட்டி திறந்தால் இருபதாயிரம் மிச்சம். “வேணும்னு செய்யறதில்லைங்க சார். வேலை குடுக்கறவங்க கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைச்சுக் கேக்கறாங்க. பக்கத்துல இருக்கறவன் குறைச்சுக் குடுக்கறான். இந்த பைன் எல்லாம் வருசத்துல ஒருக்கா வர்ற செலவுங்க. கணக்குல இதர செலவுன்னு எழுதியாச்சு.” சட்டத்தை மீறியதற்குக் கட்டிய அபராதத்தை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்ட முடியாது என்பது வேறு கதை. அவர் மனக்கணக்கில் அது செலவுதான். கரண்டு பில், கூலி, டீசல், அதற்கப்புறம் நீங்கள்.

47 ராத்திரியும் அவரே விட்டார் என்று நான் சொல்லவில்லை. கணக்குக்காக ஒரே பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 9,40,000. அபராதம் 60,000. கைக்கு நிற்பது 8,80,000. இதற்குப் பெயர் தண்டனையா? நொய்யலை ஒரு ராத்திரிக்கு எடுத்துக்கொள்ள வாடகை. அதுவும் 46 ராத்திரி இனாம்.

கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1968இல் இதை ஒரு கட்டுரையில் எழுதிவைத்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போகும்போது நேரமாகிவிட்டதாம். காரை முறையாக நிறுத்தினால் காசும் நடையும். தெருவிலேயே நிறுத்தினால் அபராதச் சீட்டுக் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு, கிடைத்தால் எவ்வளவு என்று மனதில் கணக்குப் போட்டு, தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்திருக்கிறார். பேராசிரியரே அப்படி என்றால் தொட்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? குற்றம் செய்பவன் பார்ப்பது அபராதத் தொகையை மட்டும் அல்ல, அது தன் மேல் விழும் வாய்ப்பையும் சேர்த்துத்தான். ஐம்பதில் ஒருமுறைதான் பிடிபடுவான் என்றால், பிடிபடும் அந்த ஒருமுறை ஐம்பது முறைக்கும் சேர்த்து வலிக்க வேண்டும். இல்லையென்றால் பிடிபடும் வாய்ப்பைக் கூட்ட வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் உங்கள் உத்தரவு ரசீதுப் புத்தகம்தான்.

இப்போது உங்கள் சூத்திரத்துக்கு வருகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இழப்பீட்டுச் சூத்திரம் இது: தொழிலின் மாசுக் குறியீடு, மீறிய நாட்கள், ரூபாயாக மாற்றும் காரணி, தொழிலின் அளவு, இடம், இந்த ஐந்தையும் பெருக்க வேண்டும். சாயப்பட்டறை அதிக மாசு தரும் சிவப்பு வகை, அதனால் 80. ரூபாய்க் காரணி 250. சிறு தொழில் என்றால் 0.5. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் இருக்கும் இடம் என்றால் 1. பெருக்கிப் பாருங்கள், நாளுக்குச் சரியாகப் பத்தாயிரம். இந்தப் பெருக்கலில் பட்டறைக்காரர் மிச்சம் பிடித்த இருபதாயிரத்துக்கு இடமே இல்லை. பிடிபடாத 46 ராத்திரிக்கும் இடம் இல்லை. மீறிய நாட்கள் என்பது நீங்கள் பார்த்த நாளிலிருந்து அவர் குழாயை அடைத்துக் காட்டிய நாள்வரைதான். அதனால்தான் ஆறு. இடக் காரணியோ இன்னும் வேடிக்கை. பெருநகரம் என்றால் எடை கூடும், எங்களைப் போன்ற பட்டிக்காட்டுக்கு ஆகக் குறைந்த எடை. நகரத்தில் குழாய்த் தண்ணீர் வரும். எங்களுக்குக் கிணறுதான் குழாய். எடை எங்கே கூட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக்கு இந்தப் பத்தாயிரம் புதிதும் அல்ல. 2006 டிசம்பரில், ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் வெளியேற்றும் சாயத்தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் வைத்தது. 2007 ஜனவரி முதல் மார்ச் வரை 6 பைசா, ஏப்ரலும் மேயும் 8 பைசா, ஜூனும் ஜூலையும் 10 பைசா. ஜூலைக்குள் ஒரு சொட்டுக்கூட வெளியேறாத சுத்திகரிப்புக்கு எல்லாரும் மாறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு லட்சம் லிட்டருக்குப் பத்துப் பைசா வீதம் எவ்வளவு? பத்தாயிரம். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். இடையில் மஞ்சள் விலை, கூலி, டீசல், பஸ் டிக்கெட் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ஜூலை வந்தது, போனது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது. அதுவும் போனது. கடைசியில் 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. அந்த நாட்களை நான் மறக்கவில்லை. என் அக்கா மகன் டையிங்கில் சூப்பர்வைசராக இருந்தவன், பண்டல் தூக்கப் போனான். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யோக்கியமாகத் தண்ணீரைச் சுத்தம் செய்தவர், செய்யாதவர் என்று பார்க்காமல் எல்லாக் கதவிலும் பூட்டு. அந்த உத்தரவை நான் குறை சொல்லவில்லை. பைசா கணக்கில் கேட்டபோது கேட்காத காது பூட்டுச் சத்தத்துக்குத்தான் கேட்டது. அதற்கப்புறம்தான் பெரிய பட்டறைகளும் பொது நிலையங்களும் கடன் வாங்கி, எந்திரம் இறக்கி, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தன. ஆனால் சின்னச் சின்னதாகப் பல வருடம் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டால், ஒரே நாளில் இப்படித்தான் ஊரையே அடிக்க வேண்டிவரும். மறுபடி அந்த நாள் வரக்கூடாது என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

இழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2004இல் இழப்பீட்டு ஆணையம் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்தால் தலைக்கு 8,700 வராது. உப்பு ஏறிய மண்ணில் ஒரு போகம் மஞ்சள் போட்டுப் பார்த்தவருக்கு இந்தத் தொகையின் அருமை தெரியும். சாயத்தின் நிறம் நாளாவட்டத்தில் போய்விடும். துணியில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டும் உப்பு எங்கும் போகாது. மழை அதை நகர்த்தும், அழிக்காது. ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரை, பாசனக்காரர்களே வேண்டாம் என்று சொன்ன கதை உங்கள் கோப்புகளில் இருக்கும்.

அபராதத்தின் இன்னொரு குணத்தை நான் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தேன். பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த வருடம், காலையில் தாமதமாக வருபவர்கள் நாளுக்கு ஒரு ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்தேன். அடுத்த திங்கள்கிழமை ஒரு பையன் ஐந்து ரூபாயோடு வந்தான். “சார், இந்த வாரத்துக்கு அப்பா மொத்தமாக் குடுத்தாருங்க.” அதுவரை தாமதமாக வந்தால் தலையைக் குனிந்து வருவான். காசு கட்டியபின் நெஞ்சை நிமிர்த்தி வந்தான். ஒரு மாதத்தில் அந்த விதியை எடுத்தேன், ஆனால் தலை குனிவது திரும்ப வரவில்லை. இது என் ஊர்க் கதை என்று நினைத்திருந்தேன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைப் பின்னால் படித்தேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தைக் கவனித்திருக்கிறார்கள். அதில் ஆறில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்குச் சிறு அபராதம் வைத்தார்கள். தாமதமாக வருபவர்கள் கூடினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. அரைகுறை அபராதம் ஒன்றும் இல்லாததைவிட மோசம், அது அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

சட்டம் மாறிவிட்டது என்பதும் தெரியும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்தது. 2023இல் கொண்டுவந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. நண்பர்கள் சிலர் இதற்காகக் கொதிக்கிறார்கள். எனக்கு அந்த அளவு கோபம் வரவில்லை. அந்த ஐந்து வருடத்தை அனுபவித்த ஒருவரையும் எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. எழுதிவைத்து நடக்காத சிறையைவிட, நடக்கிற அபராதம் மேல். என் வருத்தமெல்லாம், 15 லட்சம் வரை போகலாம் என்று சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்க, நீங்கள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருப்பது.

இதில் நட்டப்படுவது விவசாயி மட்டும் அல்ல. நேர்மையாக லிட்டருக்கு இருபது பைசா கட்டும் பட்டறைக்காரர்தான் முதல் ஆள். கள்ளக்குழாய் வைத்தவர் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்துக் கொடுக்க, இவர் கையைவிட்டு ஆர்டர் போகிறது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்பார், மூன்றாம் வருடம் அவரும் குழாய் பதிப்பார். நீங்கள் பத்தாயிரம் போடும்போது அவரையும் சேர்த்துத்தான் பள்ளத்தை நோக்கித் தள்ளுகிறீர்கள்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

அபராத உத்தரவில் முதல் வரியாக, அந்தப் பட்டறை சுத்திகரிக்காமல் மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். துணி எத்தனை கிலோ ஓடியது, எவ்வளவு கரண்டு எடுத்தது, நிலையத்துக்கு எத்தனை லிட்டர் போனது, இந்த மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் காணாமல் போன தண்ணீர் தெரிந்துவிடும். கரண்டு பில் பொய் சொல்லாது. அந்தத் தொகைக்குக் கீழே அபராதம் போகவே கூடாது. பிடிபடும் வாய்ப்பு எங்கள் பள்ளத்தைப்போல் ஐம்பதில் ஒன்று என்றால் அதற்கேற்பப் பெருக்குங்கள். என் கணக்கில் 9,40,000 வருகிறது, சட்டம் அனுமதிக்கும் 15 லட்சத்துக்குள்தான் இருக்கிறது.

பெருக்கப் பிடிக்கவில்லை என்றால் வாய்ப்பைக் கூட்டுங்கள். அதுதான் எனக்கும் விருப்பம். ஐப்பசி முதல் தை வரை ராத்திரி ஏழு மணிக்குமேல் வேலை பார்க்கும் ஒரு குழு, ஒரு ஜீப், மாதிரி எடுக்கும் பெட்டி. புகார் வந்து மூன்று மணி நேரத்துக்குள் பள்ளத்தில் இருக்க வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. நொய்யலில் சேரும் பள்ளங்களின் வாயில் தானாக அளக்கும் மீட்டர் வையுங்கள், அதன் அளவு ஊராட்சி அலுவலகப் பலகையில் தெரியட்டும். புகார் சொன்னவர் பெயர் மறுநாள் காலை பட்டறைக்குத் தெரிகிறது, இது எப்படி என்று நான் கேட்கவில்லை, நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

சில பட்டறைகளுக்குச் சொந்தமாக ஒரு ஸ்க்ரூகூட இருக்காது. இடம் வாடகை, சாயமேற்றும் விஞ்ச் மெஷின் வாடகை, பெயர்ப்பலகை மட்டும் புதிது. பெரிய அபராதம் போட்டால் பலகையை மாற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கட்டடத்துக்காரரிடமும், அனுமதித்த அளவுக்கு மேல் என்று தெரிந்தே வேலை கொடுத்தவரிடமும் வசூலிக்க வழி இருக்கிறதா என்று உங்கள் சட்ட ஆலோசகரைக் கேட்டு, எழுத்தில் பதில் கொடுங்கள். வழி இல்லையென்றால் அதற்கான விதியை அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

அபராதப் பணம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குப் போகும் என்கிறது சட்டம். போகட்டும். எந்தப் பள்ளத்துக்காக வாங்கினீர்களோ அந்தப் பள்ளத்தின் கிணறுகளுக்கு அதிலிருந்து எவ்வளவு திரும்பியது என்று வருடத்துக்கு ஒருமுறை கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

கடைசியாக, என்னிடம் இருக்கும் 47 தேதிகளையும் நேரத்தோடு இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். மூடிய கோப்பைத் திறந்து, அந்தத் தேதிகளில் அந்தப் பட்டறை எடுத்த கரண்டையும் நிலையத்துக்கு அனுப்பிய தண்ணீரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பதில் வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலைப் பார்க்க விரும்பினால் எந்த நேரமும் வரலாம், திண்ணையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
நொய்யல் கரைத் தோட்டத்துக்காரன், ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்